ஆதிசேஷன் கழுத்தில் ஒரு வீடு

ஊருணிக்கரைப்பட்டிக்குப் போகிற மினி பஸ்ஸில் இப்போது உட்கார இடம் தேடுவதை விடுங்கள், நிற்கவே இடம் கிடைப்பதில்லை. காரைக்குடியில் கிளம்பும்போதே படிக்கட்டு நிறைந்துவிடுகிறது. அமராவதிபுதூர் வருவதற்குள் டிரைவரின் மடியைத் தவிர எல்லா இடத்திலும் ஆள். மதுரையிலிருந்து வருகிறார்கள், ராமநாதபுரத்திலிருந்து வருகிறார்கள், வேன் பிடித்துக் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். எதற்கு? ஒரு செம்பு ஆடுவதைப் பார்க்க.

தங்கச் செம்பு என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் வீட்டில் தண்ணீர் மொள்ளக் கிடக்கிறதே, அதே பித்தளைச் செம்புதான். உங்கள் வீட்டில் இருந்தால் அது பாத்திரம். அதிர்வானந்த சுவாமிகளின் முன்னால் இருந்தால் அது பூதேவியின் வாய்.

'பூகம்பத்தை முன்கூட்டியே அறியும் ஒரே மகான்' என்று சிவகங்கை வரைக்கும் சுவரொட்டி. படத்தில் சுவாமிகள் பூமிப் பந்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சிரிக்கிறார். கீழே சின்ன எழுத்தில், 'கார் நிறுத்த வசதி விரைவில்'. இந்தக் கடைசி வரியை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையில் நடக்கிற அக்கிரமம் எல்லாம் அதிலிருந்துதான் கிளம்புகிறது.

சுவாமிகள் பிறந்தபோது அழகுசுந்தரம். சில வருஷத்துக்கு முன்னால்கூட காரைக்குடியில் ஒரு சந்துக்குள் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தார். அந்தக் கடையில் கொடுத்த போன் சரியாகித் திரும்பி வந்ததாக வரலாறு இல்லை. போனைச் சரிசெய்ய முடியாதவர் பூமியைச் சரிசெய்ய ஒருநாள் கிளம்பிவிட்டார். போன் என்றால் வாங்கியவன் வந்து சட்டையைப் பிடிப்பான். பூமிக்கு அப்படி யாரும் வரமாட்டார்கள் அல்லவா?

அவர் பெயர் எப்படிப் பரவியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். "வடக்கே பூமி அசையும்" என்று ஒரு வெள்ளிக்கிழமை திருவாய் மலர்ந்தார். அடுத்த இரண்டு நாளில் இமயமலைப் பக்கம் எங்கேயோ லேசாக நிலம் நடுங்கியதாகச் செய்தி வந்தது. அவ்வளவுதான், ஊர் விழுந்து கும்பிட்டது. உலகத்தில் ஒவ்வொரு நாளும் எங்கேயாவது நிலம் நடுங்கிக்கொண்டுதான் இருக்கிறது. பெரும்பாலானது கருவிக்கு மட்டும்தான் தெரியும், மனுஷனுக்குத் தெரியாது. நமக்கு வடக்கே அரை உலகம் கிடக்கிறது. "வடக்கே அசையும்" என்று சொல்வதும், காரைக்குடி பஸ் நிலையத்தில் நின்றுகொண்டு "ஒரு பஸ் வரும்" என்று சொல்வதும் ஒன்றுதான். பஸ் வந்ததும் சொன்னவன் காலில் விழுந்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான் விழுந்தார்கள்.

சொந்தக்காரர்கள் வெளிநாட்டில் இருக்கிற ஒரு பெரிய செட்டிநாட்டு வீட்டின் முன்கூடத்தை வாடகைக்குப் பிடித்திருந்தார் சுவாமிகள். இருபுறமும் கருந்தூண். தரையில் ஆத்தங்குடிக் கல், முகம் பார்க்கலாம். நடுவில் மரப்பீடம், அதன்மேல் பட்டு, பட்டின்மேல் செம்பு, செம்பு நிறையத் தண்ணீர், தண்ணீரில் ஒரு செவ்வந்திப் பூ. பீடத்துக்குப் பின்னால் புலித்தோல் படம் அச்சடித்த விரிப்பில் சுவாமிகள். செவ்வாயும் வெள்ளியும் கண்ணை மூடி உறுமுவார். கொஞ்ச நேரத்தில் செம்பு கடகடவென்று நடுங்கும், பூ சுற்றும், தண்ணீர் தெறிக்கும். தெறித்த தண்ணீர் யார்மேல் பட்டதோ அவர்கள் பாக்கியசாலிகள். படாதவர்கள் அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி வருவார்கள்.

ஆதிசேஷன் பூமியைத் தலையில் சுமக்கிறான், வலித்தால் தோள் மாற்றிக்கொள்கிறான், அதுதான் பூகம்பம், தோள் மாற்றுமுன் தன் காதில் சொல்லிவிட்டுத்தான் மாற்றுகிறான் என்பது சுவாமிகளின் அருளுரை. பாம்புக்கு ஏது தோள் என்று ஒருவரும் கேட்கவில்லை. கூட்டத்தில் ஓய்வுபெற்ற அதிகாரிகள் இருந்தார்கள், பட்டம் வாங்கியவர்கள் இருந்தார்கள். எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

அந்தக் கூட்டத்தில் முதல் வரிசை பொன்னுத்தாயி. அவர் அரை ஏக்கர் நஞ்சையில் பாடுபட்டு ஒரே மகன் முத்தரசுவை அரசு பஸ்ஸில் கண்டக்டர் ஆக்கியவர். மருமகள் சத்தியப்பிரியா பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். மகனும் மருமகளும் சம்பளத்தில் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி, பொன்னுத்தாயி பேரில் இருந்த மனையில் ஒரு வீடு கட்டி முடித்திருந்தார்கள். ஆவணியில் பால் காய்ச்ச வேண்டும். மனை ரோட்டோரம். சுவாமிகளின் கூடத்துக்கு நேர் எதிரே.

புது வீட்டின் முன்சுவரில் மெல்லிசாக ஒரு விரிசல் விட்டிருந்தது. பூச்சு வேலை நடந்தபோது சுவர் குடிக்க வேண்டிய தண்ணீரை எல்லாம் சுவாமிகளின் அன்னதானத்துக்குக் குடம் குடமாகத் தூக்கிக் கொடுத்தவர் பொன்னுத்தாயிதான். தண்ணீர் குடிக்காத சுவர் வெடிக்காமல் என்ன செய்யும்? அவருக்கு அப்படித் தோன்றவில்லை. ஓடிப்போய் சுவாமிகளிடமே கேட்டார்.

சுவாமிகள் கண்ணை மூடினார். செம்பு நடுங்கியது.

"தாயே, ஒன் வீடு எங்க நிக்கிது தெரியுமா? ஆதிசேஷன் கழுத்துல நிக்கிது" என்றார். "கழுத்துல பாரம் ஏறிருச்சு. ஆடிப் பெருக்குக்குள்ள அந்த வீட்ட இடிச்சு எறக்கிரணும். இல்லாட்டி அவன் தோள் மாத்துவான். மாத்துனா ஒன் வீடு மட்டும் போகாது, ஊரே ஊருணிக்குள்ள போயிரும்."

"எடத்த என்ன சாமி செய்யிறது?"

"காலியா விட்டுரு. கல் நடக் கூடாது, கட்டடம் ஆகாது. வண்டி வாகனம் நிக்கலாம். சக்கரம் இருக்கதால சேஷனுக்குப் பாரம் தெரியாது."

வண்டிக்குச் சக்கரம் இருப்பதால் பாரம் தெரியாதாம். பஸ் சக்கரம் ஏறிச் செத்தவன் யாராவது எழுந்து வந்தால் இதை அவனிடம் கேட்டுப் பார்க்கலாம்.

சுவாமிகளின் மேனேஜர் வேல்பாண்டி சாயங்காலத்துக்குள் செய்தியை ஊர் முழுக்கப் பரப்பிவிட்டான். ஊர் மந்தைத் திடலில் கூட்டம் கூடியது. ஊர் அழியாமல் இருக்க ஒரு வீடு போனால் என்ன என்றார்கள். போவது தன் வீடு இல்லை என்றால் எவ்வளவு தாராளம் வந்துவிடுகிறது பாருங்கள். பொன்னுத்தாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சரி என்று தலையாட்டிவிட்டார். ஜேசிபிக்குச் சொல்லிவிட்டார்கள்.

சத்தியப்பிரியா பள்ளிக்கூடம் விட்டு வந்து இதைக் கேட்டபோது கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"அத்தை, சரின்னு சொல்லிட்டீகளா?"

"சொல்லாம என்னத்தா செய்யச் சொல்ற? ஊரு பூராம் என் மொகத்தையே பாத்துக்கிட்டு நிக்கிது. நாள பின்ன ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா, பொன்னுத்தாயி வீட்டாலதான்னு சொல்ல மாட்டாகளா?"

"ஏங்க, நீங்க என்ன சொல்றீக?" என்று கணவன் பக்கம் திரும்பினாள்.

முத்தரசு பஸ்ஸில் சிங்கம். மீசை முளைத்த பையனுக்கு அரை டிக்கெட் கேட்கிறவனிடம் அவர் போடுகிற சத்தம் அடுத்த நிறுத்தத்துக்குக் கேட்கும். வீட்டில் ஆத்தாவுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் வந்தால் அவருக்கு விசில்கூட ஊத வராது.

"நான் என்ன சொல்றது, நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்க" என்றார்.

சத்தியப்பிரியாவின் கண் நிறைந்துவிட்டது. அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. அந்த வீட்டுக்காக அவள் வளையலைக் கழற்றிக் கொடுத்து இரண்டு வருஷம் ஆகிறது. அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, மாமியாரின் இரும்புப் பீரோவைத் திறந்தாள். அதில் கீழ் டிராயர் எப்போதும் இறுகிக்கொள்ளும்.

"அத்தை, இத இழுங்க."

"இப்ப எதுக்குத்தா அது?"

"இழுங்க, சொல்றேன்."

பொன்னுத்தாயி இழுத்தார். வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தார். அசையவில்லை. காலை ஊன்றி இழுத்ததும் டிராயர் ஒரே குதியாகக் குதித்து வெளியே வந்தது. பீரோ முழுக்கக் குலுங்கி, மேலே இருந்த குங்குமச் சிமிழ் கீழே விழுந்தது.

"இம்புட்டுதான் பூகம்பம். நாம நிக்கிற தரைக்குக் கீழ பெரிய பெரிய பாறைத் தட்டு இருக்கு. மெதுவா நகந்துக்கிட்டே இருக்கும். ஒண்ண ஒண்ணு நெருக்கும். நெருக்குன எடத்துல இந்த டிராயர் மாதிரி இறுகிக்கும். வருசக்கணக்கா அழுத்தம் சேந்துக்கிட்டே போகும். தாங்காத நேரத்துல சடக்குன்னு விட்டுரும். விட்ட குலுக்கல்தான் நெலநடுக்கம். பாம்பும் இல்ல, தோளும் இல்ல."

"அப்ப இங்குட்டு வராதுங்கிறியா?"

"இமயமலைப் பக்கம் ரெண்டு தட்டு முட்டிக்கிட்டு நிக்கிது, அதனால அங்குட்டு அடிக்கடி வரும். நம்ம பக்கம் கொறைச்சல். அறவே வராதுன்னு சொல்ல மாட்டேன். எங்க வர வாய்ப்பு அதிகம்னு சொல்லலாம். இந்தத் தேதி, இந்த நேரம்னு சொல்ல ஒலகத்துல ஒருத்தராலயும் முடியாது. டிராயர் எந்த நொடியில குதிக்கும்னு இழுத்த ஒங்களுக்கே தெரிஞ்சுச்சா?"

பொன்னுத்தாயி குங்குமச் சிமிழைப் பொறுக்கினார். "அப்ப செம்பு ஆடுதே, அது பொய்யா? என் கண்ணால பாத்தேனே."

"நானும்தான் ஒங்களோட வந்து பாத்தேன். சாமி செம்பு அந்தக் குதி குதிச்சுச்சு. என் தண்ணி பாட்டில் பக்கத்துல தரையில இருந்துச்சு, அதுல ஒரு அசைவு இல்ல. ஊருணியில ஒரு கல்லப் போட்டா அலை நாலு கரைக்கும் போகுதா இல்ல ஒரு படிக்கு மட்டும் போகுதா? பூமி ஆடுனா எல்லாம்தானே ஆடணும்."

"ஒன் பாட்டில்ல பக்தி இல்லத்தா" என்றார் பொன்னுத்தாயி. கேலியாகச் சொல்லவில்லை. மனசாரத்தான் சொன்னார்.

சத்தியப்பிரியா டிராயரை உள்ளே தள்ளி மூடினாள். பிறகு, "சரி அத்தை, பக்தி உள்ள செம்பாவே வச்சுப் பாத்துருவோம்" என்றாள்.

மறுநாள் வேல்பாண்டியைப் பார்க்கப் போனாள். அவன் கூடத்து வாசலில் உட்கார்ந்து, பக்தர்களுக்கு விற்கிற சேஷக் கயிற்றை முடிந்துகொண்டிருந்தான்.

"வாங்க டீச்சரு. வீட்ட எறக்குறதுக்கு மனசு வந்துருச்சா?"

"ஊரு நல்லா இருந்தாச் சரி. ஒரு யோசனை சொல்லத்தான் வந்தேன். கோயில்ல திருவிளக்குப் பூசைன்னா ஒவ்வொரு பொம்பளையும் அவுகவுக வீட்டு விளக்க எடுத்துட்டு வந்து வரிசையா உக்காருறாகள்ல. அது மாதிரி இங்கயும் ஒரு செம்புப் பூசை வச்சா என்ன? நூத்தியெட்டு பேரு, அவுகவுக சீர் செம்போட. ஆடி வெள்ளி வேற வருது."

எங்கள் பக்கத்துப் பெண்களுக்குச் சீர்ப் பாத்திரம் என்றால் உயிர். கல்யாணத்தில் வந்த செம்பு, குடம், அண்டா எல்லாம் பேர் வெட்டி, புளி போட்டுத் தேய்த்து, பரணில் பளபளவென்று இருக்கும். வெளியே எடுக்க ஒரு சாக்குத்தான் வேண்டும். இது வேல்பாண்டிக்கும் தெரியும். அவன் கண்ணில் செம்பு தெரியவில்லை, காணிக்கைதான் தெரிந்தது. கையில் இருந்த கயிற்றைப் பார்த்தான். இந்தக் கயிற்றை ஒவ்வொரு செம்பிலும் கட்டினால்? செம்புக்கு ஒரு கயிறு, கயிற்றுக்கு ஒரு விலை.

"டீச்சரு, படிச்சவுக படிச்சவுகதான்" என்றான்.

"ஒண்ணே ஒண்ணு. எங்க அத்தை செம்பும் ஆடுச்சுன்னா, வீட்ட ஊரு எறக்க வேணாம், நாங்களே முன்ன நின்னு எறக்குறோம்."

"ஆடாம? கயிறு கட்டுன செம்புல பூதேவி பேசாம எங்க போயிருவா?"

அதையே நோட்டீஸிலும் அடித்துவிட்டான். 'சேஷக் கயிறு கட்டிய செம்பு ஒவ்வொன்றிலும் பூதேவி பேசுவாள்.' சுவாமிகளுக்கு விஷயம் எட்டியபோது நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டது, கயிறும் விற்றாகிவிட்டது. அன்றைக்கு உள்ளறையில் வேல்பாண்டி வாங்கிய வசவு வாசல் வரைக்கும் கேட்டது. வாங்கிய காணிக்கையைத் திருப்பிக் கொடுக்கலாமா என்ற பேச்சு வந்ததும் வசவு நின்றுவிட்டது. கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லிச் சமாளிக்கலாம் என்று குருவும் சீடனும் முடிவு செய்தார்கள்.

ஆடி வெள்ளி வந்தது. ரோட்டில் அந்தப் பக்கம் புது வீட்டின் முன்னால் ஜேசிபி நின்றது. அஸ்திவாரத்தைத் தோண்ட ஆட்கள் கடப்பாரையோடு காத்திருந்தார்கள். இந்தப் பக்கம் கூடத்தில் நூற்றெட்டுப் பெண்கள் பட்டுச் சேலையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் கழுத்தில் மஞ்சள் கயிறு கட்டிய செம்பு. அதில் விளிம்பு வரைக்கும் தண்ணீர், தண்ணீரில் ஒரு பூ. ஆத்தங்குடிக் கல்லில் நூற்றெட்டுச் செம்பும் நிழல் விழ நின்ற அழகைச் சொல்லத்தான் வேண்டும். ஆண்கள் தூணோரம் நின்றோம். முத்தரசுவைப் பெண்டாட்டி வாசலுக்குப் பக்கத்தில், மீட்டர் பெட்டியோரமாக நிறுத்தியிருந்தாள். ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டுப் பழக்கமில்லை.

சுவாமிகள் வந்து அமர்ந்தார். "எல்லாரும் கண்ண மூடுங்க. நான் சொல்ற வரைக்கும் தொறக்கப்படாது" என்றார்.

"கண்ண மூடிக்கிட்டா பூதேவி பேசுறத எப்படிங்க சாமி பாக்குறது?" என்று நடு வரிசையிலிருந்து சத்தியப்பிரியா கேட்டாள்.

பெண்களுக்கும் அது நியாயமாகப் பட்டது. காசு கொடுத்துக் கயிறு வாங்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ள யாருக்கு மனசு வரும்? நூற்றெட்டு ஜோடிக் கண்ணும் அகலத் திறந்தே இருந்தன.

சுவாமிகள் உறுமினார். பீடத்துச் செம்பு கடகடவென்று ஆடியது, பூ சுழன்றது, தண்ணீர் தெறித்தது. வழக்கம்போல ஆண்கள் பக்கமிருந்து "தாயே" என்று ஒரு குரல் எழுந்து, பாதியில் நின்றுபோனது. தரையில் இருந்த ஒரு செம்பும் ஆடவில்லை. பூக்கள் வைத்த இடத்தில் வைத்தபடி கிடந்தன. பக்கத்துச் செம்பைப் பார்த்தார்கள், அதற்கடுத்த செம்பைப் பார்த்தார்கள். முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசை வரைக்கும் தலைகள் திரும்பின.

சுவாமிகளுக்கு நெற்றியில் வியர்த்தது. ஆனாலும் ஆள் கெட்டிக்காரர். "ஒங்க யாருக்கும் முழு பக்தி இல்ல. மனசுல சந்தேகத்த வச்சுக்கிட்டு வந்து உக்காந்துருக்கீக. பூதேவி எப்படிப் பேசுவா?" என்று போட்டார்.

எனக்கு அந்த இடத்தில்தான் பற்றிக்கொண்டு வந்தது. ஏமாற்றுகிறவன் ஏமாந்தவரைப் பார்த்து உனக்குப் பக்தி போதாது என்கிறான். அதைக் கேட்டு அந்தப் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

பொன்னுத்தாயி மட்டும் குனியவில்லை. மெல்ல எழுந்தார்.

"சாமி, எனக்குமா பக்தி இல்ல?"

சுவாமிகள் வேல்பாண்டி எங்கே என்று பார்த்தார்.

"எந்தச் செவ்வா வெள்ளி நான் வராம இருந்தேன்? என் வீட்டுச் சொவத்துக்கு ஊத்த வேண்டிய தண்ணிய ஒங்க ஒலைக்கு ஊத்துனேன். என் மருமக கையில இருந்த வளையலக் கழத்திக் கட்டுன வீட்ட, நீங்க சொன்னீகன்னு எறக்கச் சம்மதிச்சேன். எனக்கே பக்தி இல்லைன்னா, இன்னும் என்னத்தக் கொடுத்தா ஒங்க கணக்குல பக்தி?"

அழுதுகொண்டே பீடத்தை நோக்கிப் போனார். ஆடிக்கொண்டிருந்த சுவாமிகளின் செம்பைக் கையில் எடுத்தார். எடுத்ததும் அது அடங்கியது. அதைத் தன் செம்புக்குப் பக்கத்தில் தரையில் வைத்தார். பூதேவியின் வாய் பொத்தினாற்போல நின்றது. தன் செம்பை எடுத்துப் பீடத்தில் வைத்தார். வைத்தாரோ இல்லையோ, அந்தச் செம்பு கடகடவென்று ஆடி அவர் மேலேயே தண்ணீரைக் கொட்டியது.

பொன்னுத்தாயி நனைந்த சேலையோடு அப்படியே நின்றார். "எனக்கு இப்பப் பக்தி வந்துருச்சா சாமி?" என்று கேட்டார்.

கூடத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சுவாமிகளுக்கு வேறு வழி தெரியவில்லை. குரலை உயர்த்தினார். "பாத்தியா? சேஷன் தோள் மாத்தப் போறான். அதான் பீடம் ஆடுது. இனிமே இத நிறுத்த ஈரேழு லோகத்துலயும் ஆள் இல்ல."

"ஒருத்தராலயும் நிறுத்த முடியாதா சாமி?" என்றாள் சத்தியப்பிரியா.

"முடியாது."

"ஏங்க, அந்த மெயின் சுவிட்சக் கொஞ்சம் கீழ எறக்குங்க."

முத்தரசு கையை உயர்த்தினார். டக். மின்விசிறிகள் ஓய்ந்தன, விளக்குகள் அணைந்தன. ஈரேழு லோகத்தாலும் நிறுத்த முடியாத ஆதிசேஷனும் நின்றுவிட்டான்.

"மேல ஏத்துங்க."

டக். விசிறி சுற்றியது, விளக்கு எரிந்தது, செம்பு ஆடியது. முத்தரசுவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. யாரும் சொல்லாமலே மறுபடி இறக்கினார், மறுபடி ஏற்றினார். ஆதிசேஷன் நின்றான், ஆடினான், நின்றான், ஆடினான். பஸ்ஸில் விசில் ஊதுகிற அதே அதிகாரம் அவர் முகத்தில் வந்திருந்தது. கூடத்தில் சிரிப்பு பிடித்துக்கொண்டது. பயந்து பயந்து அடக்கிவைத்த சிரிப்பு. பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள்.

சிரிப்பு ஓய்ந்ததும் கோபம் வந்தது. வீடு இடிக்கக் காத்திருந்த ஆட்களை உள்ளே கூப்பிட்டார்கள். கடப்பாரை பீடத்தில் இறங்கியது. இரண்டே போடில் பலகை பிளந்தது. உள்ளே வயதானவர்கள் கால் வலிக்கு வைத்துக்கொள்கிற மசாஜ் மிஷின் ஒன்று படுத்திருந்தது. கீழே தடித்த ரப்பர் மெத்தை, அதிர்வு தரைக்குப் போய்விடாமல் இருக்க. அங்கிருந்து ஒரு ஒயர் புலித்தோல் விரிப்புக்கு அடியில் ஓடி, சுவாமிகளின் வலது கால் கட்டைவிரலுக்கு நேரே ஒரு சுவிட்சில் முடிந்தது. பதற்றத்தில் அதை அணைக்க அவருக்குத் தோன்றவே இல்லை. பூமியை அசைக்கிற சக்தி மகானின் எந்தச் சக்கரத்தில் இருக்கிறது என்று விவாதித்தவர்கள் உண்டு. கட்டைவிரலில் இருந்தது.

வேல்பாண்டி பின்வாசலைத் தேடினான். செட்டிநாட்டு வீட்டில் முன்வாசலில் நின்றால் பின்வாசல் தெரியும், ஆனால் போய்ச் சேர ஒரு தெரு நீளம் ஓட வேண்டும். பாதியில் பிடித்துவிட்டார்கள். போலீஸ் வரும் வரைக்கும் குருவும் சீடனும் ஒரே தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். அழகுசுந்தரத்துக்கு உடம்பெல்லாம் நடுங்கியது. அன்று அந்தக் கூடத்தில் கரண்ட் இல்லாமல் நடுங்கியது அவர் ஒருவர்தான்.

ஜேசிபி வந்த வழியே திரும்பிப் போனது. பொன்னுத்தாயி வாசலில் நின்று, மந்தையில் இடிக்கச் சொன்ன அத்தனை பேரையும் பார்த்தார்.

"ஆவணி பொறக்கவும் பால் காச்சுறோம். எல்லாரும் வந்துருங்க" என்றார். "ஆதிசேஷன் கழுத்துன்னு பயந்துக்கிட்டு வாசல்லயே நின்னுராதீக."

பிறகு மருமகள் பக்கம் திரும்பி, "ஒன் தண்ணி பாட்டில நான் ஒரு சொல்லு சொல்லிட்டேன்த்தா" என்றார். சத்தியப்பிரியா அவர் சேலை நுனியைப் பிழிந்துவிட்டாள். அந்த இரண்டு பேருக்கும் அது போதுமாக இருந்தது.

கதை இங்கே முடிந்திருந்தால் நானும் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். முடியவில்லை. கூட்டம் கலையாமல் சத்தியப்பிரியாவைச் சூழ்ந்துகொண்டது. முதலில் வந்தவர் அவள் காலைத் தொடக் குனிந்தார். அவள் பின்னால் நகர்ந்தாள்.

"டீச்சரு, ஒங்களுக்குள்ள என்னமோ சக்தி இருக்கு. அவன் பித்தலாட்டத்த முன்கூட்டியே கண்டுபிடிச்சீகள்ல" என்றார் அவர்.

"அதுக்குச் சக்தி எதுக்குங்க? கண்ணு போதும்."

"அது இருக்கட்டும். நெசமாலுமே பூகம்பம் எப்ப வரும்? நீங்க சொல்லுங்க, நாங்க நம்புறோம்."

"எனக்குத் தெரியாதுங்க."

"சும்மா சொல்லாதீக."

"நெசமாவே தெரியாது. யாருக்கும் தெரியாது. வீட்ட எறக்குனா பூகம்பம் நிக்காது. கம்பி போட்டு, சிமெண்ட் போட்டு ஒழுங்காக் கட்டுனா, ஒருவேளை வந்தாலும் ஆள் தப்பிக்கலாம். எனக்குத் தெரிஞ்சது அம்புட்டுதான்."

அவர்கள் முகம் சுருங்கிவிட்டது. பொய்யைத் தேதி போட்டுச் சொன்னவனுக்கு மினி பஸ் பிதுங்கப் பிதுங்கக் கூட்டம் வந்தது. தெரியாததைத் தெரியாது என்று சொன்னவளைச் சுற்றி நின்ற கூட்டம் ஒவ்வொருவராகக் கலைந்துபோனது. போகிற போக்கில் ஒருவர் இன்னொருவரிடம், தேவகோட்டைப் பக்கம் ஒரு அம்மா புதுசாக வந்திருப்பதாகவும், அந்த அம்மா தேங்காயை உருட்டி மழை சொல்வதாகவும் விசாரித்துக்கொண்டு போனதை என் காதால் கேட்டேன்.

நம் காலுக்குக் கீழே கிடக்கிற பாறைத் தட்டு இருக்கிறதே, உயிர் இல்லை, படிப்பு இல்லை, தலை என்று ஒன்று இல்லவே இல்லை. அதுகூட வருஷத்துக்கு நகம் வளர்கிற அளவாவது நகர்கிறது. தலை உள்ளவர்களே, உங்கள் மூளையையும் அந்த அளவுக்காவது நகர்த்திப் பாருங்கள்.